பூண்டு நெறஞ்சிருக்கு

எனக்கு ஆபீஸ் வேலை கிடைத்ததற்கு முதல் காரணம் என் முதுகெலும்பு. படிப்பு காரணமில்லை, அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. திறமையும் காரணமில்லை. இதைப் படித்து முடிக்கும்போது அந்த விஷயத்தில் நீங்களே ஒரு தீர்மானத்துக்கு வந்துவிடுவீர்கள்.

கொடைக்கானலைத் தாண்டி உள்ளே போனால் மேல்மலைக் கிராமங்கள். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு விளையும். விளைந்ததை லாரியில் ஏற்ற லோடுமேன் வேண்டும். மீசை முளைத்த நாளிலிருந்து நான் லோடுமேன்தான். அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, பேச வேண்டியதில்லை என்பது. தலையில் மூட்டை இருக்கிறவனிடம் யாரும் நின்று நலம் விசாரிப்பதில்லை. நான் அப்படிப்பட்ட கூச்சக்காரன். பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் கண்டக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். அடுத்தவர் யாராவது இறங்கும் இடத்தில் சேர்ந்து இறங்கி, திரும்பி நடந்து வருவேன்.

ஒருநாள் காலையில் முதுகு பிடித்துக்கொண்டது. மூட்டை தூக்கும்போது பிடித்திருந்தால் ஊரில் ஒரு மரியாதை இருந்திருக்கும். செருப்பு மாட்டக் குனிந்தபோது பிடித்தது. வத்தலக்குண்டு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே மூட்டை தூக்குனீங்க, படுத்த படுக்கைதான்" என்றார்.

ஒரு பருவம் முழுக்க வீட்டிலிருந்தேன். மனைவி வெள்ளனே எழுந்து சோறாக்கி வைத்துவிட்டுக் களையெடுக்கப் போவாள். நான் காய வைத்த மிளகாயைக் கோழி கொத்தாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகத்தில் இருந்தேன். கூட மூட்டை தூக்கியவர்கள் வாசலைக் கடக்கும்போது, "என்ன மச்சான், ரெஸ்ட்டா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அவ்வளவு முள் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அப்போதுதான் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. எங்கள் பக்கத்து விவசாயிகள் சேர்ந்து ஒரு கம்பெனி வைத்திருந்தார்கள். காய்கறியையும் பூண்டையும் மொத்தமாகச் சேர்த்து வெளியூருக்கு அனுப்புவது அதன் வேலை. அந்த ஆபீசுக்கு உதவியாளர் தேவை, தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், அனுபவம் அவசியமில்லை என்று போட்டிருந்தது.

மனைவி என் போனை வாங்கி அதை இரண்டு தரம் படித்தாள்.

"ஒங்களுக்குன்னே எழுதுன மாதிரி இருக்குங்க. ஒங்களுக்குத்தான் ஒரு அனுபவமும் கெடையாதே."

நேர்காணலுக்கு அவளும் வந்தாள். தனியாக அனுப்பினால் நான் பாதி வழியில் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு, ஆள் எடுத்தாகிவிட்டது என்று வந்து சொல்வேன் என்பது அவளுக்குத் தெரியும். நானும் அப்படித்தான் திட்டம் போட்டிருந்தேன்.

ஆபீஸ் என்பது தகரக் கூரை போட்ட ஒரு அறை. பக்கத்திலேயே சரக்கு வைக்கும் கிட்டங்கி. மேனேஜர் ஒரு இளம்பெண், அய்யம்பாளையத்துக்காரர், விவசாயப் படிப்பு படித்தவர். அடிவாரத்துத் தென்னந்தோப்பு வெயிலில் வளர்ந்த உடம்பு. மேல்மலைக் குளிருக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டு, நடுவில் முகம் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார்.

"ஒங்க பேரு என்னண்ணே?"

நான் தரையைப் பார்த்தேன். பெயர் தொண்டை வரை வந்து நின்றது. மேனேஜர் மனைவியைப் பார்த்தார். மனைவி எதை வேண்டுமானாலும் சொல்வாள், புருஷன் பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். இப்படியாக அந்த அறையில் கொஞ்ச நேரம் நான் பெயரே இல்லாமல் நின்றேன். கடைசியில் அவள் இடுப்புப் பையிலிருந்து என் ஆதார் கார்டை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"இதுக்கு முந்தி என்ன வேலை பாத்தீங்கண்ணே?"

"லோடு ஏத்துனாருங்க" என்றாள் மனைவி.

"நான் அவரக் கேக்குறேன்க்கா."

"கேளுங்க, கேளுங்க. ஏங்க, அவுங்க கேக்குறாங்கல்ல? வாயத் தொறங்க."

நான் திறந்தேன். ஒன்றும் வரவில்லை, மூடிக்கொண்டேன்.

"சரி விடுங்க. கம்ப்யூட்டர் தெரியுமா?"

அது மேசை மேலேயே இருந்தது. "தெரியுதுங்க" என்றேன். நேர்காணலில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். மேனேஜர் சிரித்தார். ஏதோ சரியாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. அவர் கேட்டது கண்ணுக்குத் தெரிகிறதா என்று இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகு மனைவி சொல்லித்தான் புரிந்தது.

"போன் வந்தா எடுத்துப் பேசுவீங்களா?"

"எடுப்பாருங்க" என்றாள் மனைவி. அது பொய்யில்லை. வீட்டில் எடுப்பேன், எடுத்து அவளிடம் கொடுப்பேன்.

"பதினஞ்சு நாள் வந்து பாருங்கண்ணே. சரிப்பட்டு வந்தா வச்சுக்கறோம். பண்ணைக்காட்டுலருந்து பி.காம். படிச்ச ஒருத்தரும் கேட்டிருக்காரு. அங்கருந்து தெனமும் வந்து போறது கஷ்டம்னுதான் யோசிக்கிறேன்."

ஆக, பஸ் வசதி சரியில்லாததால் எனக்கு அந்தப் பதினைந்து நாள் கிடைத்தது. மனைவிக்கு அதெல்லாம் கணக்கில்லை. அன்று சாயங்காலத்துக்குள் களையெடுக்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது. "எங்க வீட்டுக்காரரு இப்ப ஆபீசுல இருக்காரு." பதினைந்து நாளைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வேலை போனால் எனக்கு இரண்டு வழிதான் இருந்தது. டாக்டர் பேச்சைத் தட்டிவிட்டு மறுபடி மூட்டைக்குக் கீழே போவது, அல்லது கோழி விரட்டுவது. இரண்டுக்கும் ஊர் வேடிக்கை பார்க்கும்.

முதல் நாள் எனக்கென்று ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். ஆபீசில் சுற்றுமே, அந்த மாதிரி நாற்காலி. மேல்மலையில் சமதரை என்பது நாங்கள் கேள்விப்பட்ட விஷயம் மட்டும்தான். ஆபீஸ் தரையும் வாசலைப் பார்த்துச் சரிந்திருந்தது. உட்கார்ந்து நிமிர்ந்ததும் நாற்காலி மெதுவாக நகரத் தொடங்கியது. எழுந்து நிற்பதா, மேசையைப் பிடிப்பதா என்று யோசிப்பதற்குள் வாசல் நிலையில் போய் முட்டினேன். உத்தியோகத்தில் உட்கார்ந்த வேகத்தில் வெளியே போகப் பார்த்த ஆள் நானாகத்தான் இருப்பேன். பிறகு சக்கரத்துக்கு முன்னால் ஒரு செங்கல் வைத்துக்கொண்டேன். லாரிக்குக் கட்டை வைத்துப் பழகிய கைதானே.

கூட்டுவது, எடை போடுவது, சாக்கு எண்ணுவது எல்லாம் ஓடிவிட்டது. போன்தான் பூதம். மேனேஜர் எனக்காக அந்த வேலையை மிகச் சின்னதாக்கிக் கொடுத்தார்.

"ரொம்பப் பேச வேணாம்ண்ணே. சரக்கு இருக்கான்னு கேப்பாங்க. இருந்தா இருக்குன்னு சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. அவ்வளவுதான் சோலி."

'இருக்கு' சொல்ல எனக்குக் கஷ்டமில்லை. 'இல்லை'தான் வராது. அது கூச்சத்தால் மட்டும் இல்லை. எங்கள் வீட்டில் அந்த வார்த்தை புழங்காது. அரிசி தீர்ந்துவிட்டால் மனைவி "அரிசி நெறஞ்சிருக்கு" என்பாள். நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவேன். உப்பு நிறைந்திருக்கும், எண்ணெய் நிறைந்திருக்கும். எங்களைப் போன்ற வீட்டில் மாதக் கடைசியில் எல்லாமே நிறைந்திருக்கும். சாப்பிடும் பொருளை வாயால் இல்லை என்று சொன்னால் அந்தச் சொல்லே வீட்டில் குடியேறிவிடும் என்று நம்பிக்கை. கிட்டங்கியில் நின்றுகொண்டு பூண்டை இல்லை என்று எப்படிச் சொல்வது? விளைகிற பூண்டின் காதில் விழாதா?

அப்போது பூண்டு தீர்ந்து, கிட்டங்கியில் தோல் மட்டும் பறந்துகொண்டிருந்தது. அடுத்த அறுப்புக்கு நாள் இருந்தது. பூண்டு கேட்டுப் போன் வந்தபோதெல்லாம் நான் "நெறஞ்சிருக்குங்க" என்றேன். பேசியவர்கள் எல்லாம் மலைக்காரர்கள், அடிவாரத்துக்காரர்கள். "அப்பிடியா, அறுப்பு எப்ப?" என்று கேட்டு வைத்துவிட்டார்கள். எனக்குப் போன் பேச வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில்கூட ஒருமுறை நானே போனை எடுத்து "ஹலோ" என்றேன். மனைவி சோற்றுக் கரண்டியோடு வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு மதுரையிலிருந்து அந்தப் போன் வந்தது. ஒரு பெரிய மளிகைக் கடையில் கொள்முதல் பார்க்கிறவராம். குரல் இளசு; பேச்சு சென்னைப் பக்கத்துப் பேச்சு.

"சார், பூண்டு ஸ்டாக் இருக்கா?"

என்னை யாரும் அதுவரை சார் என்று சொன்னதில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"நெறஞ்சிருக்குங்க."

"சூப்பர் சார்! அப்ப நாளைக்கு வண்டி அனுப்பட்டுமா?"

பூண்டு நிறைந்திருக்கிறது என்று சொல்லியும் வண்டி அனுப்புகிறார் என்றால், கேரட்டோ உருளையோ ஏற்றத்தான் அனுப்புகிறார் என்று நினைத்தேன். எதற்கு என்று கேட்டிருக்கலாம். சார் என்று கூப்பிட்டவரிடம் எப்படிக் கேள்வி கேட்பது? "ஒங்க இஷ்டங்க" என்றேன்.

மேனேஜரிடம் முறையாகத் தகவல் சொன்னேன். "மதுரைல இருந்து பூண்டு கேட்டாங்க மேடம். நெறஞ்சிருக்குன்னு சொல்லிட்டேன்."

கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரிண்ணே" என்றார். வண்டி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் மும்முரமாக இருந்தார். தொந்தரவு செய்யக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மேனேஜர் பேங்க் வேலையாகக் கொடைக்கானல் போயிருந்தார். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குட்டியானை வண்டி இருமிக்கொண்டே வந்து வாசலில் நின்றது. காலி வண்டியைப் பார்த்ததும் கை தானாகத் துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டது. வெளியே போய் வண்டியின் பின்கதவைத் தட்டிப் பார்த்தபடி நின்றேன்.

டிரைவர் இறங்கினார். வளைவு சுற்றி வந்த கிறுகிறுப்பு முகத்திலேயே தெரிந்தது.

"ஏப்பா லோடுமேனு, பூண்டு எங்க கெடக்கு? வெரசா ஏத்திவிடு, நான் திரும்பி எறங்கணும்."

"பூண்டா?" என்றேன்.

"பின்ன, மதுரைலருந்து பனியப் பாக்கவா வந்தேன்? நெறையக் கெடக்குன்னு போன்ல சொன்ன ஆபீசரு எங்க? அவரக் கூப்புடு."

"கூப்பிடுறேங்க" என்று உள்ளே போனேன். உள்ளே யாரும் இல்லை. மேனேஜருக்குப் போன் போட்டேன், கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் அறை நடுவில் நின்றேன். கம்ப்யூட்டர் தெரிந்துகொண்டிருந்தது. பிறகு தலையிலிருந்த துண்டை அவிழ்த்தேன், தலையைக் கையால் படிய வைத்தேன், சட்டைக் காலர் பொத்தானைப் போட்டேன், வெளியே வந்தேன்.

"என்னய்யா, நீயே வர்ற? ஆபீசரு எங்க?"

"வந்துட்டேங்க" என்றேன்.

டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்றும் எட்டிப் பார்த்தார்.

"நீயா? நீதான் நெறையக் கெடக்குன்னு சொன்னியா?"

"நெறையன்னு சொல்லலீங்க. நெறஞ்சிருக்குன்னு சொன்னேன்."

"ரெண்டுக்கும் என்னய்யா வித்தியாசம்? பூண்டு இருக்கா, இல்லையா?"

"அது வந்து... நெறஞ்சு..."

"யோவ்! இருக்கா? இல்லையா?"

சொல்லித்தான் ஆக வேண்டும். கிட்டங்கிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, "இல்லைங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னது?"

"இல்லைங்க."

"சத்தமாச் சொல்லுய்யா!"

"இல்லைங்க!"

ஒருமுறை சொல்லவே பயந்த வார்த்தையை மூன்று முறை சொல்லிவிட்டேன். மூன்றாவது முறை மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும்.

டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு வண்டிப் படியில் உட்கார்ந்தார். "காலி வண்டியோட போயி எறங்குனா மொதலாளி என்னைய உரிச்சிருவாரு. எங்க ஆத்தா சொல்லும்யா இந்த வார்த்தைய. அது அடுப்படில சொல்லும். ஆபீஸ் போன்ல எந்த மடையனாச்சும் சொல்லுவானா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது.

ஆபீசுக்கு மேலே, சரிவில் படிப்படியாக வெட்டிய காட்டில்தான் அன்று மனைவி களை எடுத்துக்கொண்டிருந்தாள். என் குரல் அவ்வளவு சத்தமாக வந்து அவள் கேட்டதில்லை. ஏதோ ஆபத்து என்று களைக்கொத்தோடு இறங்கி ஓடி வந்தாள். டிரைவரே அவளுக்கு நடந்ததைச் சொன்னார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை எழுத எனக்குத் தமிழ் போதாது.

பிறகு டிரைவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஒங்களுக்கு வண்டி காலியாப் போகக் கூடாது. அவ்வளவுதான?"

"ஆமாக்கா."

"கீழ ஓடைல கேரட்டு கழுவி மூட்டை கட்டிக் கெடக்கு. ஏத்த வேண்டிய லாரி வழியில பஞ்சராயி நிக்குது. காட்டுக்காரரு தலைய பிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. ஒங்க கடைக்காரருட்டக் கேளுங்க, கேரட்டு ஆகுமான்னு."

டிரைவர் மதுரைக்குப் போன் போட்டு அவளிடமே கொடுத்தார். அவள் சென்னைப் பேச்சு இளைஞரிடம், "தம்பி, நல்லாருக்கீங்களா? சாப்டீங்களா?" என்று தொடங்கினாள். நெறஞ்சிருக்கு என்பதற்கு அவருக்கு அர்த்தம் சொன்னாள். அவர் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. கேரட் ஆகும் என்றார். பிறகு என் போனைப் பிடுங்கி, விடாமல் அடித்து மேனேஜரையும் பிடித்தாள். மேனேஜர் மதுரைக்காரரோடு பேசி விலையை முடித்தார். நான் அந்த நேரம் முழுக்கக் காலர் பொத்தான் போட்ட சட்டையோடு பக்கத்தில் நின்றேன். அலங்காரத்துக்கு நான் குறை வைக்கவில்லை.

ஓடையில் ஏற்றியது என் பழைய கூட்டாளிகள்தான். நான் ஒரு மூட்டையில் கை வைத்தேன்.

"ஏலே, எடுறா கைய" என்றான் ஒருவன். "ஆபீசரு தூரமா நின்னு எண்ணுங்க. தப்பா எண்ணிறாதீங்க, மூட்டை நெறஞ்சிருக்குன்னு சொல்லிட்டு எங்களத் தேட விட்ருவீக."

அதற்குள் செய்தி ஓடைக்கு வந்துவிட்டிருந்தது.

சாயங்கால பஸ்ஸில் மேனேஜர் வந்தார். நான் ஆபீசைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தேன். போகிறவன் நல்லபடியாக விட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான். மனைவி வீட்டுக்குப் போகாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். எனக்காகக் கெஞ்சப் போகிறாள் என்று தெரிந்தது. அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்க வேண்டி வந்ததுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய வெட்கம்.

மேனேஜர் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார். "நீங்க நேத்து நெறஞ்சிருக்குன்னு சொன்னப்ப எனக்குத் தப்பாவே தோணலண்ணே. எங்க வீட்லயும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. அதான் காதுல ஒறைக்கல."

நான் தலையாட்டினேன்.

"ஆனா வெளியூர்க்காரங்க கூடத்தான் நமக்கு யாவாரமே. போன்ல தெளிவாப் பேச ஆள் வேணும்." கொஞ்சம் தயங்கினார். பண்ணைக்காட்டு பி.காம். என் கண் முன்னால் பஸ் ஏறினார். மேனேஜர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க வர்றீங்களா வேலைக்கு?"

என் வேலைக்கு என்னையும் பி.காமையும் தவிர மூன்றாவதாக ஒரு போட்டி இருக்கும் என்றோ, அது என் வீட்டிலிருந்தே வரும் என்றோ நான் நினைத்ததில்லை. மனைவி விண்ணப்பம் போடவில்லை, ஆதார் கார்டு காட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைவிட இரண்டு வகுப்பு கூடுதலாகப் படித்தவள். எப்படிப் பார்த்தாலும் தகுதியான ஆள். நான் மேனேஜராக இருந்தாலும் அவளைத்தான் எடுப்பேன்.

அவள் எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"நானாங்க? எனக்குக் காட்டுல சோலி கெடக்கு. நாலு பேரோட வாயாடிக்கிட்டு வேலை பாக்குறவ நான். இந்த ரூமுக்குள்ள ஒத்தையில ஒக்கார வச்சீங்கன்னா கிறுக்குப் புடிச்சிரும். அது இவருக்குத்தான் ஒத்து வரும். இவரையே வச்சுக்கங்க. கூட்டுவாரு, எடை போடுவாரு, ஒரு பொருளு காணாமப் போகாது. போனு மட்டும் கொஞ்ச நாளைக்கு நீங்க எடுங்க. வீட்ல வச்சு நான் பேசப் பழக்கி அனுப்புறேன்."

மேனேஜர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சந்தைக்குப் போனவர் கேட்ட பொருள் கிடைக்காமல் கிடைத்ததை வாங்கிக்கொள்கிற முகம்.

"சரிக்கா. இனிமே பதினஞ்சு நாள் கணக்கெல்லாம் வேணாம். நாளைக்கு வரச் சொல்லுங்க."

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். இருந்தாலும் மனைவி என்னிடம் திரும்பி, "நாளைக்கு வரச் சொல்றாங்க" என்றாள். என் வேலை நியமனம் அப்படித்தான் நடந்தது.

வீட்டுக்கு ஏறிப் போகும்போது நான்தான் முதலில் பேசினேன், அதுவே அதிசயம்.

"ஒனக்கு அந்த வேலை மேல ஆசையே இல்லையா?"

"ஏன் இல்லாம? ஃபேனே தேவைப்படாத ஊர்ல நெழல்ல ஒக்காந்து பேசுறதுக்குக் காசு குடுக்குறாங்க. கசக்குதா?"

"பெறகு ஏன் வேணாம்னு சொன்ன?"

அவள் நடையை நிறுத்தவில்லை. "நான் அங்க போயி ஒக்காந்தா, நீங்க ரோசப்பட்டு மறுபடியும் மூட்டை தூக்கப் போயிருவீங்க. வெரசா நடங்க, மழை எறங்குது."

நான் மூட்டை தூக்கப் போயிருக்க மாட்டேன். அவ்வளவு ரோசம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நிம்மதியாகக் கோழி விரட்டப் போயிருப்பேன். அதை அவளிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். மழை வலுத்தது. என்னைப் பற்றி இவ்வளவு உயர்வாக நினைக்கிற ஒரே ஆளையும் எதற்காகக் கெடுப்பது என்று, வாயை மூடிக்கொண்டு வெரசாக நடந்தேன்.